மறு: சஃபிக்ஸ் அரே – ‘பின்னொட்டு வரிசை’ பொருந்துமா?

> ‘பின்னொட்டு வரிசை’ என்றே வைத்துக்கொள்ளலாமே. இரண்டும் பழகிய சொற்கள்.

ஐயா, பழகிய சொற்கள் என்பதுதான் இங்கே சிக்கல். பின்னொட்டு, சொல்லின் பின்னால் வந்து ஒட்டுவது. நீண்ட சரத்தில் (எழுத்துத்தொடரில்) விரைந்து தேட, 1990இல் கணினி அறிஞர்கள் மான்பரும் மையர்சும் முன்வைத்த இந்த சஃபிக்ஸ் அரே அமைப்பில் எதுவும் ஒட்டுவதில்லை. சரத்தின் ஓர் இடத்தில் தொடங்கி ஈறுவரை ஓடும் துண்டுகளே இதன் சஃபிக்ஸ்கள். முழுச்சரமும் அவற்றுள் ஒன்று. ‘வரிசை’யோ கியூவுக்கும் சார்ட்டிங்குக்கும் ஏற்கெனவே போய்விட்டது. ‘பின்னொட்டு வரிசையை வரிசைப்படுத்தல்’ என்று ஒருமுறை எழுதிப் பாருங்கள்.

என் பரிந்துரை: சஃபிக்ஸுக்கு ஈற்றுத்துண்டு, சஃபிக்ஸ் அரேவுக்கு ஈற்றணி. ஈற்றடி, ஈற்றெழுத்து என்று சொல்லிப் பழகியவர்கள்தானே நாம்.

‘கடகட’வை எடுத்துக்கொள்வோம். 0 முதல் 3 வரையான இடங்களில் தொடங்கும் ஈற்றுத்துண்டுகள் கடகட, டகட, கட, ட. அகரவரிசையில் கட, கடகட, ட, டகட. ஆகவே அவற்றின் தொடக்க இடங்களின் பட்டியலான ஈற்றணி 2, 0, 3, 1. ‘கட’ வரும் இடங்கள் அணியில் அடுத்தடுத்து நிற்பதால் பாதி பாதியாக ஒதுக்கிக்கொண்டே போகும் இருமத் தேடலிலேயே சிக்கிவிடும்.

இணைநிலையில், அதாவது நிரலின் பல இழைகளை ஒரே நேரத்தில் ஓட்டிக் கட்ட, இரட்டிப்பு முறை எளிது. முதலில் ஒவ்வோர் இடத்துக்கும் அதன் எழுத்தைக் கொண்டு தரவெண் (அகரவரிசையில் எத்தனையாவது என்ற எண்). பிறகு சுற்றுக்குச் சுற்று 1, 2, 4 எனத் தள்ளியுள்ள இடத்தின் தரவெண்ணோடு சோடி சேர்க்க வேண்டும். சோடிகளை இலக்கவாரியாக வரிசைப்படுத்தி, முந்தையதிலிருந்து மாறும் இடத்தில் 1, மாறாத இடத்தில் 0 குறித்து, தொடக்கம் முதல் அவ்விடம்வரை உள்ளவற்றைக் கூட்டும் முன்னொட்டுக் கூட்டல் செய்தால் புதிய தரவெண் கிடைக்கும். சோடி சேர்ப்பதில் எந்த இழையும் இன்னொன்றுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

இரண்டு இடங்களில் கவனம் தேவை. புதிய தரவெண்ணைப் பழைய அணியிலேயே எழுதினால், இன்னும் படித்து முடிக்காத இழைக்குத் தவறான எண் போகும். அதனால் இரண்டு அணிகள் வேண்டும்; ஒரு கோடி எழுத்துக்கு, 4 பைட் எண்ணாக, அணிக்கு 4 கோடி பைட். அடுத்தது சரத்தின் எல்லை. அதற்கு அப்பால் 0 என்று வைத்து, தரவெண்ணையும் 0இலிருந்து தொடங்கினால், ‘கட’வும் ‘கடகட’வும் எத்தனை சுற்று ஓட்டினாலும் பிரியாது. தரவெண் 1இலிருந்து தொடங்கட்டும்.

---

> முன்னொட்டுக் கூட்டல் செய்தால்

ஈற்றணி எனக்கு முழு உடன்பாடு. அணியிலக்கணத்தோடு குழம்புமோ என்று முதலில் தயங்கினேன், சூழல் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் பின்னொட்டை மறுத்த அதே காரணம் முன்னொட்டுக்கும் உண்டே! குவிவு நிகழ்வெண் பள்ளியிலேயே வருகிறது; இதைக் ‘குவிவுக் கூட்டல்’ என்போம்.

தமிழ்ச் சரத்துக்கு இன்னொன்றும் சேர்க்க வேண்டும். யூனிகோடில் ‘கா’ இரண்டு குறியெண்கள். அப்படியே ஓட்டினால் வெறும் துணைக்காலில் தொடங்கும் ஈற்றுத்துண்டுகள் அணியில் ஏறிவிடும். மேலும் யூனிகோடு வரிசையில் ‘ன’ ‘ந’வை அடுத்து நிற்கிறது, நம் நெடுங்கணக்கில் அது கடைசி மெய். தேட மட்டும் என்றால் இந்த இடமாற்றம் பாதிக்காது. அகராதி அடைவு எடுப்பதானால், முதல் சுற்றுக்கு முன்பே எழுத்துகளாகப் பிரித்து, நெடுங்கணக்கு முறையில் எண் கொடுத்துவிட வேண்டும்.