எடைக்கருவி காட்டாத மாற்றம்

பத்து வயதுச் சிறுவனின் தாய்:

உடல் பருமனுக்காக மகனைக் குழந்தைநல மருத்துவரிடம் அழைத்துச் சென்றபோது, எடையைக் குறித்துக்கொண்ட கையோடு அவர் அவனுடைய பின்கழுத்தைப் பார்த்தார். அங்கே படர்ந்திருந்த, எவ்வளவு தேய்த்தும் போகாத கருமை அழுக்கல்ல, உடலில் இன்சுலின் சரிவர வேலை செய்யாததன் அடையாளமாக இருக்கலாம் என்று சொல்லி இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். அதன்பின் சைக்கிள், நீச்சல் என மூச்சு வாங்க வைக்கும் பயிற்சிகளைத் தொடங்கினோம். மாதங்கள் கடந்தும் எடை பெரிதாக அசையவில்லை. பிள்ளை மனம் தளர்ந்துவிட்டான். ஆனால் இடுப்புச் சுற்றளவு குறைந்திருந்தது, இரவுக் குறட்டை தணிந்திருந்தது, வெறும் வயிற்றில் செய்த இரத்தப் பரிசோதனையில், முன்பு கூடியிருந்த இன்சுலின் அளவும் இறங்கியிருந்தது. உழைக்கும் தசை இன்சுலினின் துணையின்றியே இரத்தச் சர்க்கரையை எடுத்துக்கொள்ளும் என்றும், எடை குறையாதபோதும் கல்லீரலிலும் வயிற்றுக்குள்ளும் சேர்ந்த கொழுப்பு கரையக்கூடும் என்றும், வளரும் பிள்ளைக்கு எடை கூடாமல் உயரம் கூடினாலே, உயரத்தோடு ஒப்பிட்ட எடையின் அளவான பி.எம்.ஐ. இறங்கும் என்றும் மருத்துவர் அவனிடமே விளக்கினார். அவன் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன்.

உடற்கல்வி ஆசிரியர்:

பருமனான பிள்ளைகளை எல்லோரோடும் ஓட்டப்பந்தயத்தில் நிறுத்துவது எனக்கு உடன்பாடில்லை. எல்லோரும் பார்க்கக் கடைசியாக வந்து சேரும் பிள்ளை, அடுத்த வகுப்பில் வயிற்றுவலி என்று ஒதுங்கிக்கொள்கிறது. அதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். 5 முதல் 17 வயதுவரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடலியக்கம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. அதை ஒரே மூச்சில் முடிக்க வேண்டியதில்லை. என் மாணவி ஒருத்தி இசைக்கு ஏற்ப ஆடுவதில் தொடங்கினாள். ஆடும்போது பேச முடிய வேண்டும், பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும் என்பதே அவளுக்கு நான் சொன்ன அளவுகோல். இப்போது மாடிப்படிகளில் இடையில் நிற்காமல் ஏறிவிடுகிறாள்.

இயன்முறை மருத்துவர்:

இருவர் சொன்னதையும் வழிமொழிகிறேன்; ஒன்றை மட்டும் சேர்க்க வேண்டும். பருமனான பிள்ளை முழங்கால் வலிக்கிறது என்று சொன்னாலோ நொண்டினாலோ, சோம்பல் என்று கடிந்துகொள்ளாதீர்கள். இடுப்பு மூட்டில் தொடை எலும்பின் தலைப்பகுதி நழுவும் கோளாறு, குறிப்பாக வளர்பருவத்தில், முழங்கால் வலியாகவே வெளிப்படுவதுண்டு. அப்படி வந்த ஒரு சிறுவனை, பயிற்சி எதுவும் கொடுக்காமல், காலை ஊன்றவிடாமல் உடனே எலும்பு மருத்துவரிடம் அனுப்பினேன். எக்ஸ்ரேயில் நழுவல் உறுதியாயிற்று.