795 காபியில் ஆரஞ்சு மணம்: மண்ணா, மரமா, வெறும் பேச்சா?

தாண்டிக்குடியான்
நேற்று வேறொரு குழுவில் ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. 795 என்கிற அரபிகா காபி ரகத்தை எந்த மலையில் நட்டாலும் ஒரே காபிதான், பையில் ஊர்ப் பெயரைப் போடுவது விலை ஏற்றத்தான் என்கிறார். பழனி மலையில் ஒரு நாள் தங்கியிருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டார். எங்கள் தோட்டத்தில் 795 செடிகள் கமலா ஆரஞ்சு மரத்தடியில் வளர்கின்றன. அந்தக் காபியில் ஆரஞ்சுத் தோலை நசுக்கியது போல ஒரு மணம் வரும். தாத்தா காலத்திலிருந்து வருகிறது. சிக்கமகளூரிலிருந்து அதே 795ஐ வாங்கிக் குடித்துப் பாருங்கள், அந்த மணம் கிடையாது.

பல்ப்பர்
ஊருக்கு ஊர் ருசி மாறும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஆரஞ்சு மரத்திலிருந்து காபிக்கு ஆரஞ்சு மணம் ஏறும் என்பதை ஒத்துக்கொள்ள முடியாது. வேர் எடுப்பது தண்ணீரும் உப்புகளும். தழைச்சத்து, சாம்பல்சத்து இதெல்லாம் போகும். ஆரஞ்சுத் தோலின் எண்ணெய் அந்தத் தோலில் உருவாகிறது, அங்கேயே இருக்கிறது. அது மண்ணில் இறங்கி, பக்கத்துச் செடியின் வேர் வழியாக ஏறி, கொட்டைக்குள் போய் உட்காராது. பதினெட்டு வருடமாகக் காபி பதப்படுத்தும் இடத்தில், ருசி பார்த்துத் தரம் சொல்லும் கப்பிங் மேசையில் நிற்கிறேன். ஒரு கேள்வி மட்டும்: உங்கள் தோட்டத்தில் ஏக்கருக்கு எத்தனை ஆரஞ்சு மரம்?

சேர்வராயன்
பழனி மலை பழனி மலை என்கிறீர்களே, ஏற்காட்டை மறந்துவிட்டீர்களா? 1820களிலேயே சேலம் கலெக்டர் காக்பர்ன் எங்கள் மலையில் காபி நட்டுவிட்டார். காபி வாரியக் கணக்கிலேயே சேர்வராயன் மலைத் தோட்டங்கள் 900 முதல் 1500 மீட்டர் வரை போகின்றன. குடகு 750 முதல் 1100தான். உயரம் பேசும், மரம் பேசாது.

சிக்கமகளூர் மருமகன்
கலெக்டர் நட்டதைப் பெருமையாகச் சொல்கிறீர்கள். பாபா புதன் ஏமனிலிருந்து ஏழு விதை கொண்டுவந்தது 17ஆம் நூற்றாண்டில் என்பார்கள். அவர் விதைத்த எங்கள் பாபாபுதன்கிரி மலைக்கு அவர் பெயர்தான். 795 ரகமே 1940களில் பாலேஹொன்னூர் ஆராய்ச்சி நிலையத்தில் எங்கள் மாவட்டத்தில் பிறந்தது. பிறந்த வீட்டின் ருசியைத்தானே அசல் என்று சொல்ல வேண்டும்?

தாண்டிக்குடியான்
பிறந்த வீட்டுக் கதை வேண்டாம் மாப்பிள்ளை. பல்ப்பர் சாருக்கு ஒன்று சொல்கிறேன். வேர் எதை எடுக்கும் என்று எனக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஆரஞ்சு இலையும் பூவும் விழுந்து மட்கி அந்த மண்ணே ஆரஞ்சு வாடை அடிக்கும். கையில் அள்ளி முகர்ந்திருக்கிறேன்.

பல்ப்பர்
மண் வாடை அடிக்கலாம். கொட்டைக்குள் வராது. எங்கள் மேசைக்கு மிளகுக் கொடி படர்ந்த சில்வர் ஓக் நிழலில் வளர்ந்த காபி வருகிறது, வாழை நிழலில் வளர்ந்தது வருகிறது. வாழைத் தோட்டத்துக் காபியில் நான் வாழைப்பழத்தைக் கண்டதில்லை. ஏக்கருக்கு எத்தனை மரம் என்று கேட்டேன்.

முதல் டிகாக்‌ஷன்
கும்பகோணத்திலிருந்து எழுதுகிறேன். எல்லோரும் மணம், ருசி, புளிப்பு மூன்றையும் ஒன்றாகக் கலக்கிறீர்கள். மூக்கில் வருவதா, நாக்கில் வருவதா? அதை முதலில் முடிவு செய்தால் பாதிச் சண்டை தீரும் என்று நினைக்கிறேன்.

சேர்வராயன்
அக்கா, சிக்கரி கலந்து டபராவில் ஆற்றிக் குடிக்கிறவர்களுக்கு மூக்கு என்ன, நாக்கு என்ன?

முதல் டிகாக்‌ஷன்
என் வீட்டில் நூற்றுக்கு பத்து பங்குதான் சிக்கரி. கலவைப் பொடியில் காபி 51 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. மீதி முழுவதும் சிக்கரி போட்டு விற்கிறவர்களிடம் போய்ச் சண்டை போடுங்கள். சேலத்தில் என் அத்தை வீட்டில் குடித்த காபியில் சிக்கரியைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை.

சேர்வராயன்
சேலம் வேறு, ஏற்காடு வேறு. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்து குடித்துவிட்டுப் பேசுங்கள்.

தாண்டிக்குடியான்
சிக்கரிப் பேச்சை விடுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் மலையைப் புரட்டிப் போட்டது. எங்கள் தோட்டத்தில் ஆரஞ்சு மரங்கள் வேரோடு சாய்ந்தன. அடுத்த வருடக் காபி சப்பென்று இருந்தது. அந்த மணம் இல்லவே இல்லை. மரம் போனது, மணம் போனது. இதற்கு என்ன பதில்?

பல்ப்பர்
நல்ல கேள்வி கேட்டீர்கள், அதனால் விளக்கமாகவே சொல்கிறேன். உங்கள் தோட்டத்தில் போனது நிழல். நிழல் இருந்தால் பகல் சூடு குறையும், செடி குளிர்ச்சியில் நிற்கும், பழம் மெதுவாகப் பழுக்கும். மெதுவாகப் பழுத்த கொட்டை கனமாக இருக்கும், புளிப்பும் இனிப்பும் சேர்ந்து நிற்கும். அந்த நல்ல புளிப்பைத்தான் ஆரஞ்சு என்று உங்கள் குடும்பம் பெயர் வைத்திருக்கிறது. வெயிலில் அவசரமாகப் பழுத்த கொட்டையில் அது இருக்காது. அந்த இடத்தில் ஆரஞ்சுக்குப் பதில் பலா நின்றிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்.

ஊருக்கு ஊர் ருசி மாறுவதும் இப்படித்தான். உயரம், இரவுக் குளிர், செடியைப் பூக்க வைக்கும் பூ மழை எப்போது விழுகிறது, பழம் பறிக்கும்போது வானம் எப்படி இருக்கிறது. கர்நாடக மலைகளில் தென்மேற்குப் பருவமழை முடிந்தபின் அறுவடை. களத்தில் பார்ச்மென்ட், அதாவது பழத்தோல் நீக்கி உள்தோலோடு இருக்கும் கொட்டை, நல்ல வெயிலில் காயும். நம் பக்கம் பறிக்கிற நேரத்தில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். ஈரமும் மூட்டமுமாகக் காய்கிற காபிக்கு வேறு குணம். ரகம் ஒன்றுதான், களம் வேறு. இத்தனை காரணம் கண் முன்னால் இருக்கும்போது ஆரஞ்சு மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள்.

சிக்கமகளூர் மருமகன்
அதாவது எங்கள் களம் நல்ல களம் என்று ஒத்துக்கொள்கிறீர்கள். 2019இல் புவிசார் குறியீடு வந்தபோது சிக்கமகளூர் அரபிகா, பாபாபுதன்கிரி அரபிகா, குடகு அரபிகா மூன்றும் இருந்தன. ஆந்திராவின் அரக்கு இருந்தது, வயநாட்டு ரொபஸ்டாவும் இருந்தது. தமிழ்நாட்டு மலை ஒன்றாவது இருந்ததா?

சேர்வராயன்
குறியீடு வாங்க விண்ணப்பம் போடத் தெரிய வேண்டும், காபி வளர்க்கத் தெரிய வேண்டியதில்லை.

தாண்டிக்குடியான்
எங்கள் விருப்பாச்சி மலை வாழைக்குக் குறியீடு இருக்கிறது மாப்பிள்ளை. காபிக்கும் வரும்.

பல்ப்பர் சாருக்கு இப்போது உண்மையைச் சொல்லியே ஆக வேண்டும். மூன்று வருடத்துக்கு முன் இதே இடத்தில் ஆசையாக உங்களுக்கு அரைக் கிலோ அனுப்பினேன். ருசி பார்த்துவிட்டுச் சாக்கு வாடை என்று எல்லோர் முன்னாலும் எழுதினீர்கள். என் அப்பா அதைப் படித்தார். அன்றைக்கு ராத்திரி அவர் சாப்பிடவில்லை. அதனால்தான் இப்போதும் ஆரஞ்சு இல்லை, இல்லை என்று அடித்துப் பேசுகிறீர்கள்.

பல்ப்பர்
சாக்கு வாடை இருந்தது, எழுதினேன். அப்பா வருத்தப்பட்டதற்கு வருந்துகிறேன், எழுதியதற்கு இல்லை. காபிக் கொட்டை பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாடையை இழுத்துக்கொள்ளும். ஏலக்காய் மூட்டைக்குப் பக்கத்தில் வைத்தால் ஏலக்காய் அடிக்கும். உங்கள் வீட்டில் பார்ச்மென்டையும் ஆரஞ்சுப் பழத்தையும் ஒரே அறையில் வைக்கிறீர்களா? அப்படியானால் ஆரஞ்சு மணம் எங்கிருந்து வருகிறது என்று இப்போதே சொல்லிவிடலாம்.

தாண்டிக்குடியான்
எங்கள் கிடங்கை நீங்கள் பார்த்தீர்களா? பார்க்காமல் பழி போடாதீர்கள்.

முதல் டிகாக்‌ஷன்
795 இந்தோனேசியாவுக்கும் போயிருக்கிறது, அங்கே ஜெம்பர் என்று பெயர். அங்கே பல இடங்களில் பார்ச்மென்டை முழுதாகக் காய விடாமல் ஈரத்திலேயே தோல் நீக்குவார்கள். காபியில் மண்வாசனை தூக்கலாக இருக்கும். ஒரே ரகம், எத்தனை வேறு குணம் பாருங்கள். அதைப் பேசலாமே?

பல்ப்பர்
நான் சொன்னதையே சொல்கிறீர்கள் மேடம். வித்தியாசம் செய்முறையில் வந்தது. அங்கேயும் ஆரஞ்சு மரம் காரணம் இல்லை.

சேர்வராயன்
செய்முறை, களம் என்று சுற்றிச் சுற்றி உயரத்தை மறைக்கிறீர்கள். 1500 மீட்டரில் விளைந்ததையும் 800 மீட்டரில் விளைந்ததையும் ஒரே களத்தில் காய வையுங்கள். பிறகு பேசலாம்.

பல்ப்பர்
உயரத்தை நான் மறைக்கவில்லை, மேலே போய்ப் படியுங்கள். எனக்கு வர வேண்டியது ஒரு எண் மட்டும். நம் மலைகளில் கமலா ஆரஞ்சு நோயில் அழிந்துகொண்டே வந்ததை எல்லோரும் பார்த்திருக்கிறோம். புயலில் மிச்சமும் சாய்ந்தது என்று நீங்களே சொன்னீர்கள். இன்றைக்கு ஏக்கருக்கு எத்தனை ஆரஞ்சு மரம் நிற்கிறது?

தாண்டிக்குடியான்
இரண்டு ஏக்கரில் பதினொன்று. புயலுக்குப் பிறகு வைத்த கன்றுகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அதிலே நாலு இன்னும் காய்க்கவில்லை.

பல்ப்பர்
பதினொரு மரம் இரண்டு ஏக்கர் காபிக்கும் மணம் கொடுக்கிறதா?

தாண்டிக்குடியான்
கொடுக்கிறது. ஜனவரியில் காய்ந்ததும் ஒரு கிலோ அனுப்புகிறேன். இந்த முறை சாக்கில் இல்லை, பானையில்.

சிக்கமகளூர் மருமகன்
எனக்கும் ஒரு கிலோ அனுப்புங்கள். பாபாபுதன்கிரி காபியோடு வைத்துப் பார்த்துவிட்டு எது அசல் 795 என்று நான் எழுதுகிறேன்.

சேர்வராயன்
நீங்கள் எழுதினால் என்ன வரும் என்று தெரியாதா? ஏற்காட்டுக் காபியும் அந்த மேசையில் இருக்க வேண்டும். அப்புறம் காக்பர்ன் பற்றி நான் சொன்னதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.