ஐசியூவிலிருந்து பிழைத்து வந்த அப்பாவுக்குக் கணக்கு வரவில்லை

தஞ்சைப் பெண்:

அப்பாவுக்கு 61 வயது. தஞ்சாவூர் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கிறார். ஐப்பசி மழையில் எலிக்காய்ச்சல் வந்து, சிறுநீரகம் வேலை செய்யாமல் போய், வென்டிலேட்டர், டயாலிசிஸ் வரைக்கும் போய் மீண்டார். இப்போது ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல். ஆனால் ஆள் பழைய ஆள் இல்லை.

நீளமான சாமான் சீட்டைக் கொடுத்தால் பேனா எடுக்காமலே மொத்தத்தைச் சொல்பவர் அவர். இப்போது கால்குலேட்டரை வைத்துக்கொண்டும் தடுமாறுகிறார். உளுந்து கேட்டவருக்குத் துவரம்பருப்பைக் கட்டிக் கொடுத்தார். கடைப் பையன் சிரித்துவிட்டான். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர், அப்புறம் கடைப் பக்கமே போகவில்லை.

ராத்திரியில் இன்னும் மோசம். "என் ரத்தத்தை உறிஞ்சி வித்தானுங்க. நீ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு பார்த்துக்கிட்டுதானே இருந்தே" என்று அம்மாவிடம் சொல்கிறார். அம்மா உடைந்துபோய்விட்டார். பெரியப்பா மந்திரிக்கச் சொல்கிறார். மருத்துவமனையில் கேட்டால், "வயசாச்சும்மா, போகப்போகச் சரியாயிடும்" என்கிறார்கள். இது மறதி நோயா, மனநோயா? டிவிஎஸ் எக்ஸ்எல் சாவியை வேறு கேட்டுக்கொண்டே இருக்கிறார். கொடுக்கலாமா?

கணக்கு வாத்தியார், மதுரை:

அம்மா, 2021 கொரோனா இரண்டாம் அலையில் நானும் வென்டிலேட்டரில் கிடந்தவன். என்னை ஒரு லாரியில் கட்டிப்போட்டு எங்கேயோ விற்கக் கொண்டுபோகிறார்கள் என்று சத்தியமாக நம்பினேன். வீட்டுக்கு வந்த பிறகும் அந்த லாரி போகவில்லை. நிஜமாக நடந்தது எதுவும் ஞாபகம் இல்லை, லாரி மட்டும் தார்ப்பாய் வாசனையோடு ஞாபகம் இருந்தது. ரொம்ப நாள் கழித்து என் மனைவிதான் சொன்னாள்: படுக்கைப் புண் வராமல் இருக்கக் காற்று மெத்தை போட்டிருந்தார்கள், அதன் மோட்டார் ராப்பகலாக உறுமும். தொண்டைக் குழாயைப் பிடுங்காமல் இருக்கக் கையைக் கட்டியிருந்தார்கள். அதைக் கேட்டதும் எனக்குப் பாதி பயம் இறங்கியது.

உங்கள் அப்பாவின் ரத்தம் குழாய் வழியாக மெஷினுக்குப் போனது உண்மைதானே? அதை மயக்கத்துக்கு நடுவில் பார்த்திருப்பார். "அப்படி ஒண்ணும் நடக்கலை" என்று வாயை அடைக்காதீர்கள். டயாலிசிஸ் என்றால் என்ன, ஏன் செய்தார்கள், அம்மா ஏன் கண்ணாடிக்கு வெளியே நின்றார் என்று, அவர் தெளிவாக இருக்கும் பகல் நேரத்தில் சொல்லுங்கள்.

இந்தக் குழப்ப நிலைக்கு டெலிரியம் என்று பெயர். கிருமி ரத்தத்தில் பரவுவது, ஆக்சிஜன் குறைவது, மிடசோலம் போன்ற மயக்க மருந்துகள், அணையாத விளக்கு, தூக்கமின்மை எல்லாம் சேர்ந்து மூளையைப் புரட்டிப் போடுகின்றன. அதன் மிச்சம் வீடு வரை வரும். அமெரிக்காவில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தார் 821 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு 2013ல் வெளிவந்தது. ஐசியூவிலிருந்து வந்து 3 மாதம் கழித்துச் சோதித்தபோது, 40 சதவீதம் பேரின் மதிப்பெண் தலையில் நடுத்தரமான காயம் பட்டவர்களுடையதைப் போல இருந்தது. ஒரு வருடம் கழித்தும் 34 சதவீதம் பேர் அப்படியேதான். வயது குறைந்தவர்களும் அதில் உண்டு. டெலிரியம் எத்தனை நாள் நீண்டதோ அத்தனைக்குப் பாதிப்பும் கூட. "வயசாச்சு" என்ற பதில் எனக்கு எரிச்சலைத் தருகிறது.

எனக்குச் சூத்திரங்கள் மறக்கவில்லை. ஐந்தாவது வரிக்குப் போகும்போது இரண்டாவது வரி நழுவியிருக்கும், அவ்வளவுதான். அப்பாவுக்கும் கூட்டல் மறந்திருக்காது, கவனம்தான் நிற்கவில்லை. கூட்டம் இல்லாத மதிய நேரத்தில் கொஞ்ச நேரம் கடையில் உட்கார வையுங்கள். டிவி, ரேடியோ வேண்டாம். ஐந்து சாமான் சீட்டிலிருந்து ஆரம்பிக்கட்டும். கடைப் பையனை அந்த நேரத்தில் வேறு வேலைக்கு அனுப்பிவிடுங்கள்! நான் பழையபடி சொல்லிக்கொடுக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. இன்றைக்கும் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் திணறுவேன்.

ஐசியூ நர்ஸ், சென்னை:

சார் சொன்னது சரி. இந்தத் தொல்லைகளுக்கு மொத்தமாக போஸ்ட் இன்டென்சிவ் கேர் சின்ட்ரோம் என்று பெயர். அதில் குடும்பத்தாருக்கு வரும் பாதிப்பும் அடங்கும். அம்மாவையும் கவனியுங்கள்.

நடந்ததைச் சொல்லிப் புரியவைப்பது எல்லோருக்கும் பலிக்காது. ஐரோப்பாவில், ஐசியூவில் அன்றாடம் நடந்ததை நோயாளி பிறகு படிப்பதற்காக டைரியாக எழுதி வைக்கிறார்கள். 2010ல் வந்த ஆய்வில் அது பலன் தந்தது. பிரான்சில் நடந்த பெரிய ஆய்வில், 2019ல், வித்தியாசம் தெரியவில்லை. அவர் கேட்டால் சொல்லுங்கள், திணிக்காதீர்கள்.

முக்கியமான ஒன்று: டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்கள். ஐசியூவில் படபடப்புக்கு என்று ஆரம்பித்த குவெட்டியாபின், குளோனாசிபாம் மாதிரி மாத்திரைகள் வீட்டிலும் அப்படியே தொடர்வதை நிறையப் பார்த்திருக்கிறேன். நீங்களாக நிறுத்தாதீர்கள், இன்னும் தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். மறதி நோய் என்று முடிவு கட்டும் முன் தைராய்டு, பி12, சோடியம் பார்க்கட்டும். காது, கண்ணாடி பவர் கூட. மனநல மருத்துவர் அல்லது நரம்பியல் மருத்துவரிடம் மோகா என்ற சிறு ஞாபகப் பரிசோதனை செய்யலாம். ராத்திரியில் தாங்கவில்லை, சாகணும் என்று பேசுகிறார் என்றால் டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416க்குக் கூப்பிடுங்கள். இலவசம், தமிழில் பேசலாம்.

எக்ஸ்எல் இப்போது வேண்டாம். உளுந்துக்கும் துவரைக்கும் தடுமாறுபவர் நாஞ்சிக்கோட்டை ரோட்டில் லாரிக்கு முன்னால் தடுமாறக் கூடாது.

மழைக்காதலன்:

என் அக்காவுக்குப் பிரசவத்துக்குப் பிறகு ஐசியூ. 28 வயதுதான். மிக்சி சத்தம் கேட்டாலே நடுங்குவாள். மனநல மருத்துவரிடம் போன பிறகுதான் தேறினாள். மந்திரிப்பதில் மூன்று மாதம் வீணாகப் போனது.

தஞ்சைப் பெண்:

நர்ஸ் அக்கா, சம்மரியில் குவெட்டியாபின் இருக்கிறது! ராத்திரி ராத்திரி நான்தான் எடுத்துக் கொடுக்கிறேன், எதற்கென்றே தெரியாமல். திங்கட்கிழமை அதையும் எடுத்துக்கொண்டு டாக்டரைப் பார்க்கப் போகிறோம்.

வாத்தியார் ஐயா, நேற்று மதியம் அப்பாவிடம் டயாலிசிஸ் மெஷின் படத்தைக் காட்டினேன். வெகு நேரம் பார்த்துவிட்டு, "எடுத்த ரத்தம் அத்தனையும் திரும்ப வந்துச்சா?" என்று கேட்டார். வந்ததுப்பா என்றேன். நம்பினாரா தெரியவில்லை.

கணக்கு வாத்தியார், மதுரை:

கணக்குக் கேட்கிறார் பாருங்கள், நல்லது. திங்கட்கிழமை போகும்போது அங்கே டயாலிசிஸ் டெக்னீஷியன் யாராவது இருந்தால், அந்தக் கேள்வியை அவரே நேரில் கேட்கட்டும்.