பயம் போகவில்லை என்றால் விசுவாசம் இல்லை என்று அர்த்தமா?

செங்காங்_அக்கா:
எல்லோருக்கும் ஸ்தோத்திரம். என் கணவரை மூன்று மாதத்துக்கு முன்னால் ஆட்குறைப்பில் அனுப்பிவிட்டார்கள், நான் பகுதிநேர வேலை, மகள் இந்த வருஷம் ஓ நிலைத் தேர்வு எழுதுகிறாள். வீட்டுக் கடன் இதுவரை அவருடைய மசேநிதியிலிருந்தே (மத்திய சேமநல நிதி) போய்க்கொண்டிருந்தது. சம்பளம் நின்றதும் சந்தாவும் நின்றுவிட்டது, அந்த நிதியின் சாதாரணக் கணக்கில் இருப்பது தீர்ந்தால் கையிலிருந்துதான் கட்ட வேண்டும். ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது. ஜெபம் பண்ணுகிறேன், பண்ணி முடித்த ஐந்தாவது நிமிஷம் திரும்ப அதே கணக்கைப் போட ஆரம்பித்துவிடுகிறேன். ஜெபக்கூட்டத்தில் இதைச் சொன்னேன். ஒரு சகோதரி, "வேதத்தில் 365 தடவை பயப்படாதே என்று இருக்கிறது, நாளுக்கு ஒன்று, அப்புறமும் பயந்தால் அது அவிசுவாசம்" என்றார். அன்றையிலிருந்து இரண்டு பாரம், வேலை போன பாரம் ஒன்று, நான் சரியான கிறிஸ்தவள் இல்லையோ என்கிற பாரம் இன்னொன்று. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

தோபாயோ_தாத்தா:
அம்மா, 1943 அக்டோபரில் ஜப்பானிய இராணுவப் போலீஸான கெம்பித்தாய் நம் சிங்கப்பூர் ஆங்கிலிக்கன் பேராயர் லியனார்ட் வில்சனைப் பிடித்துக்கொண்டு போய்ச் சித்திரவதை செய்தது. அவர் ஆண்டவரை விடவில்லை. யுத்தம் முடிந்தபின் அவரைச் சித்திரவதை செய்தவர்களில் ஒருவன் விசுவாசியாகி, அவர் கையாலேயே திடப்படுத்தல் (சபையில் விசுவாசத்தை உறுதிப்படுத்தும் சடங்கு) பெற்றான். அதை நினைத்துக்கொள்ளுங்கள், பயம் ஓடிப்போகும்.

செங்காங்_அக்கா:
ஐயா, தப்பாக நினைக்காதீர்கள். பெரிய சாட்சி, மறுக்கவில்லை. ஆனால் அதைக் கேட்டதும் எனக்கு இன்னும் கூச்சமாகத்தான் இருக்கிறது. அவர் சித்திரவதையையே தாங்கினார், நான் வங்கிக் கணக்கைப் பார்த்தே நடுங்குகிறேன்.

பிரசங்கி_இல்லை:
அக்கா, முதலில் அந்த 365. கன்கார்டன்ஸ் (வேதத்தின் சொல் அட்டவணை) வைத்து எண்ணிப் பாருங்கள், அவ்வளவு வராது, யாரோ காலண்டருக்குத் தோதாகச் சொன்னது. எத்தனை தடவை என்பதை விடுங்கள், யாரிடம் சொல்லியிருக்கிறது என்று பாருங்கள். ஆபிராம், கிதியோன், மரியாள், வயல்வெளியில் மேய்ப்பர்கள். எல்லோரும் பயந்தோ கலங்கியோ நின்றவர்கள்தான். அம்மா இருட்டில் அழுகிற பிள்ளையிடம் "பயப்படாதே, நான் இருக்கிறேன்" என்று சொல்கிறாளே, அது திட்டு இல்லையே.

சங்கீதம் 56-இல் தாவீது, "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்" என்கிறான். பயம் போனபின் நம்புவேன் என்று சொல்லவில்லை பாருங்கள், ரெண்டும் ஒரே நாளில் இருக்கிறது. எனக்கு அதைவிடப் பிடித்தது எலியாதான். 1 இராஜாக்கள் 18-இல் கர்மேலில் வானத்திலிருந்து அக்கினியை இறங்க வைத்தவன், அடுத்த அதிகாரத்தில் ராணி யேசபேலின் ஒரே ஒரு மிரட்டலுக்கு ஓடிப்போய், சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து "போதும் கர்த்தாவே" என்கிறான். தூதன் வந்து விசுவாசத்தைப் பற்றி அவனுக்குப் பாடம் எடுத்தானா? "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்றான். சுட்ட அடை, தண்ணீர். சாப்பிட்டுத் தூங்கினான், திரும்ப எழுப்பிச் சாப்பிட வைத்தான். "இங்கே உனக்கு என்ன காரியம்" என்கிற கேள்வி நாற்பது நாள் நடந்து ஓரேபுக்குப் போனபிறகுதான் வந்தது. அந்தச் சகோதரி அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விட்டார் போல.

உட்லண்ட்ஸ்_பிரதர்:
மேலே சொன்னது சரி, நான் அடையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். போன வருஷம் எனக்கும் வேலை போனது. "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லிக்கொண்டே இரண்டு மாதம் ஒன்றுக்கும் விண்ணப்பிக்காமல் இருந்தேன். பெயர்தான் விசுவாசம், உள்ளே இருந்தது வெட்கம். 2025 ஏப்ரலில் தொடங்கிய ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டம் இருக்கிறது. மாத வருமானம் சராசரியாக 5,000 வெள்ளிக்கு மிகாமல் இருந்து, தன் இஷ்டத்துக்கு விலகாமல் வேலை போயிருந்தால், ஆறு மாதத்தில் மொத்தம் 6,000 வெள்ளி வரை கிடைக்கும். முதல் மாதம் 1,500 வரை, அப்புறம் படிப்படியாகக் குறையும். சும்மா கொடுக்க மாட்டார்கள், மாதாமாதம் வேலை தேடியதற்கான புள்ளிகள் சேர்க்க வேண்டும். மற்ற தகுதிகளை அவர்கள் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக் கடன் வீவகவுடையது (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) என்றால் தவணை பாக்கி விழுவதற்கு முன்னாலேயே கிளைக்குப் போய்ப் பேசுங்கள். பவுல்கூட சிறையிலிருந்து "வரும்போது என் மேலங்கியை எடுத்துக்கொண்டு வா" என்று தீமோத்தேயுவுக்கு எழுதினாரே, குளிருக்கு ஜெபம் மட்டும் போதும் என்று இருந்துவிடவில்லை.

தூக்கமின்மை இப்படியே தொடர்ந்தால் பலதுறை மருந்தகத்தில் சொல்லுங்கள். அதிலும் கூச்சம் வேண்டாம்.

தோபாயோ_தாத்தா:
அவசரப்பட்டு எழுதிவிட்டேன், மன்னிக்கணும் அம்மா. இந்தக் கிழவனும் 1985-இல் வேலை போனபோது ஒரு மாதம் வீட்டில் சொல்லாமல் தினமும் டை கட்டிக்கொண்டு நூலகத்தில் போய் உட்கார்ந்திருந்தவன்தான். சாட்சி சொல்லும்போது அந்தப் பகுதியை விட்டுவிடுவேன்.

செங்காங்_அக்கா:
ஐயா, உங்கள் நூலகக் கதைதான் ரொம்ப ஆறுதல்!! நேற்று ராத்திரி முழிப்பு வந்து எழுந்து பார்த்தால், அவரும் ஹாலில் விளக்கு போடாமல் உட்கார்ந்திருக்கிறார். மூன்று மாதமாக ரெண்டு பேரும் தனித்தனியாக முழித்துக்கொண்டிருந்திருக்கிறோம், ஒருத்தர் பயப்படக்கூடாதே என்று இன்னொருத்தர் சொல்லாமல். மைலோ கலக்கிக் கொடுத்து இதையெல்லாம் படித்துக் காட்டினேன். 365 கணக்கைக் கேட்டுச் சிரித்தார், சிரித்து ரொம்ப நாளாச்சு. ஜெபம் பண்ணினோம், சின்ன ஜெபம்தான். பயம் இன்னும் இருக்கிறது. திங்கட்கிழமை வீவக கிளைக்குப் போகிறோம். பிரதர், அந்த ஆதரவுத் திட்டத்துக்கு என்னென்ன ஆவணம் கேட்டார்கள், வேலை நீக்கக் கடிதம் மட்டும் போதுமா?