மறுமொழி: கிரீஸுக்கு ‘மசகு’ மட்டும் போதாது, வகைகளுக்கும் பெயர் வேண்டும்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

வாகனப் பராமரிப்புக் கையேட்டுக்காகத் தொகுத்த சொற்பட்டியலைப் பார்த்தேன். கிரீஸ், லூப்ரிகண்ட், லூப் ஆயில் மூன்றுக்கும் எதிரே ‘மசகு எண்ணெய்’ என்ற ஒரே சொல் நிற்கிறது. அதை அப்படியே அச்சுக்கு அனுப்பக் கூடாது. கியர் பெட்டிக்குள் ஊற்றுவதும், மூட்டில் கிரீஸ் துப்பாக்கியால் ஏற்றுவதும் வேறு வேறு பொருள்கள். கையேட்டைப் படிக்கப்போவது தொழிற்பயிற்சி மாணவர். எந்த டப்பாவைத் திறக்க வேண்டும் என்று அவருக்குச் சந்தேகம் வரக் கூடாது.

‘மசகு எண்ணெய்’ என்ற சொல்லில் வேறொரு குழப்பமும் உண்டு. இலங்கைச் செய்தித்தாள்களில் அது கச்சா எண்ணெயைக் குறிக்கிறது. தமிழ்நாட்டில் எஞ்சின் ஆயில் போன்றவற்றைக் குறிக்கிறது. இரு நாட்டு மாணவர்களும் படிக்கும் நூலில் அந்தக் கூட்டுச்சொல்லை முழுவதுமாகத் தவிர்ப்பதே நல்லது.

> கிரீஸ் என்றே எழுதிவிட்டால் என்ன? பட்டறையில் எல்லோருக்கும் தெரிந்த சொல்தானே.

பட்டறைப் பேச்சில் அது தாராளமாக இருக்கட்டும். ஆனால் மசகு நாம் உட்கார்ந்து கட்டிய சொல் அல்லவே. மாட்டு வண்டியின் இருசில், அதாவது சக்கரம் சுற்றும் அச்சில், தடவிய கரிய மைக்கு அதுதான் பெயர். வைக்கோலைக் கருக்கி, விளக்கெண்ணெயில் குழைத்து, வழிந்தோடாத பதத்தில் எடுத்துப் பூசுவார்கள். எண்ணெயை ஓடவிடாமல் உராயும் இடத்திலேயே நிறுத்திவைப்பதுதான் இன்றைய கிரீஸின் வேலையும். பொருளிலும் தொடர்பு அறுந்துவிடவில்லை. இன்று பரவலாக விற்கும் லித்தியம் கிரீஸில் எண்ணெயைக் கட்டிநிறுத்தும் சோப்பு, 12-ஹைட்ராக்சி ஸ்டியரிக் அமிலத்திலிருந்து வருகிறது. அந்த அமிலம் ஆமணக்கு எண்ணெயில் ஹைட்ரஜன் ஏற்றிப் பெறுவது. ஆகவே கிரீஸ் என்றால் மசகு, தயக்கமே வேண்டாம். எண்ணெய்க்கு ‘உயவு எண்ணெய்’, இரண்டுக்கும் பொதுவாக ‘உயவுப் பொருள்’. பழைய இலக்கியத்தில் உயவு வருத்தத்தைக் குறிக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். உண்மைதான். ஆனால் பள்ளிப் பாடநூல்களில் அது உராய்வு தொடர்பான பொருளில் வேரூன்றிவிட்டது; இனி அதைப் பிடுங்க வேண்டாம்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். மசகு என்ற ஒரு சொல்லோடு நிறுத்தினால் கையேடு பாதியில் நின்றுவிடும். மசகு என்பது எண்ணெய், அதைக் கட்டிநிறுத்தும் பொருள், சேர்மானங்கள் ஆகிய மூன்றும் கலந்தது. கட்டிநிறுத்தும் பொருளுக்குப் பட்டியலில் ‘தடிப்பாக்கி’ என்று இருக்கிறது. தடிப்பு என்றால் நமக்குத் தோலில் வருவதே நினைவுக்கு வரும். கெட்டித் தயிர், கெட்டிக் குழம்பு என்று நாள்தோறும் புழங்குகிறோமே, ‘கெட்டியாக்கி’ என்று வைக்கலாம். இந்தச் சொல் மாணவர் மனத்தில் பதிந்தே ஆக வேண்டும். ஒரு மசகோடு இன்னொன்றைக் கலக்கலாமா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது கெட்டியாக்கிதான். லித்தியம் சோப்பு மசகு இருக்கும் இடத்தில் பாலியூரியா என்ற செயற்கைப் பொருளாலோ களிமண்ணாலோ கெட்டியாக்கிய மசகை ஏற்றினால், பல நேரங்களில் கலவை இளகி வெளியே வழிந்துவிடும். நிறத்தைப் பார்த்து வாங்கும் பழக்கம் இங்கே உதவாது. பச்சையும் நீலமும் வெறும் சாயம்.

டப்பாவின் மேல் என்.எல்.ஜி.ஐ. (அமெரிக்க மசகு அமைப்பின் சுருக்கப் பெயர்) 2 என்று போட்டிருக்கும் எண்ணுக்குத் ‘தர எண்’ என்று எழுதியிருக்கிறீர்கள். 3 என்றால் 2-ஐவிட உயர்ந்த சரக்கு என்று மாணவர் நினைத்துவிடுவார். அது தரத்தைச் சொல்வதே இல்லை. 25 பாகை செல்சியஸில், 60 முறை பிசைந்த மசகில் ஒரு கூம்பு எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பதை வைத்துத் தரும் எண் அது; குறைவாக இறங்கினால் எண் கூடும். 26.5 முதல் 29.5 மில்லிமீட்டர் வரை இறங்கினால் 2. எண் கூடக் கூடக் கெட்டி கூடும். 000 ஏறத்தாழ எண்ணெய் போலவே ஓடும். எனவே ‘கெட்டி எண்’. சூடேறி முதல் துளி விழும் வெப்பநிலைக்கு உருகுநிலை, கொதிநிலை வரிசையில் ‘சொட்டுநிலை’ பொருந்தும். சாதாரண லித்தியம் மசகுக்கு அது 190 பாகையை ஒட்டி வரும். அதுவரை சூடாக்கி ஓட்டலாம் என்று பொருளல்ல. வேலை செய்யும் வெப்பம் அதற்கு வெகுவாகக் கீழே இருக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

டிரைவ் ஷாப்டுக்கு ‘இருசு’ என்ற முன்மொழிவை ஏற்க முடியவில்லை. இருசு அசையாமல் நிற்கும். சக்கரம்தான் அதன்மேல் சுற்றும். இதுவோ தானே சுழன்று கியர் பெட்டியின் முறுக்கு விசையைச் சக்கரம் வரை கொண்டுசெல்கிறது. ‘இயக்குதண்டு’ என்பதே சரி.

அதன் மூட்டுகளுக்கும் தனித்தனிப் பெயர் வேண்டும், ஏனென்றால் மசகும் தனித்தனி. லாரிகளில் பட்டறைக்காரர்கள் ‘கிராஸ்’ என்பதைச் ‘சிலுவை மூட்டு’ என்போம். அதன் நான்கு கிண்ணங்களுக்குள்ளும் ஊசி உருளைகள் இருக்கின்றன. அங்கே மிகையழுத்தம் தாங்கும் லித்தியம் மசகு, பொதுவாகக் கெட்டி எண் 2; நான்கு கிண்ணங்களின் ஓரத்திலும் பழையது பிதுங்கி வரும்வரை ஏற்ற வேண்டும். ஒன்றில் மட்டும் வராவிட்டால் அந்தக் கிண்ணம் காய்ந்துகொண்டிருக்கிறது. பிறகு கழற்றும்போது ஊசிகளுக்குப் பதில் செம்பழுப்புத் தூள்தான் கொட்டும்.

சிலுவை மூட்டு கோணத்தில் சுழலும்போது வெளிப்பக்க வேகம் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை ஏறி இறங்கும். முன்சக்கர இயக்கக் கார்களின் சி.வி. ஜாயிண்ட்டில் அந்த ஏற்ற இறக்கம் இல்லை. ஆகவே ‘மாறாவேக மூட்டு’. சக்கரப் பக்கத்து மூட்டில் எஃகுக் குண்டுகள் பள்ளங்களில் உருள்வதோடு வழுக்கவும் செய்கின்றன. அதனால் மாலிப்டினம் டைசல்பைடு என்ற வழுக்கும் தூள் கலந்த கரிய மசகு. கியர் பெட்டிப் பக்கத்தில் மூன்று உருளைகள் கொண்ட மூட்டு இருந்தால் அதற்குப் பெரும்பாலும் வேறு மசகு குறித்திருப்பார்கள். மூட்டோடு வரும் பொட்டலத்தையே பிழிய வேண்டும். பிரேக் கட்டைகளைத் தட்டின்மேல் அழுத்தும் காலிபரின் வழுக்கு ஊசிகளுக்கு இவை எதுவும் ஆகாது. கனிம எண்ணெய் பட்டால் அங்குள்ள ரப்பர் உப்பிவிடும். சிலிக்கோன் மசகு வேண்டும்.

இன்னும் முடிவாகாதது ‘பூட்’ ஒன்றுதான். மாறாவேக மூட்டை மூடியிருக்கும், மடிப்பு மடிப்பான அந்த ரப்பர் கிழிந்தால் மசகு சக்கரத்தின் உட்பக்கமெல்லாம் தெறிக்கும், மண் உள்ளே போகும், சில நாளில் வண்டியைத் திருப்பும்போது கடகடவென்று சத்தம் வரும். ‘காலணி’ என்று நேர்பொருளில் எழுதியிருப்பதை எடுத்துவிடலாம். நான் ‘மடிப்புறை’ என்கிறேன். உங்கள் ஊர்ப் பட்டறைகளில் வேறு தமிழ்ப் பெயர் வழங்கினால் எழுதுங்கள், அதையே முதலில் வைப்போம்.