வர்தா சாய்த்த குல்மோகரும் நான் வைத்த மகிழமும்

புது வீட்டுக்குக் குடிவந்ததும், "மகிழங்கன்று வையம்மா" என்றார் மாமனார். எனக்கோ அவசரம். கேட்டுக்குப் பக்கத்தில், மதிலிலிருந்து நாலடி தள்ளி ஒரு குல்மோகரை வைத்தேன். ஐந்தாறு வருடத்தில் மாடியைத் தொட்டுவிட்டது. மே மாதத்தில் வாசலே சிவந்து கிடக்கும். அதன் நிழலை நம்பிப் பெரணி, அக்லோனிமா, மணி பிளான்ட் என்று நாற்பது தொட்டிகள் சேர்ந்தன. மாமனார் மட்டும் வரும்போதெல்லாம் குனிந்து மதிலின் அடியைப் பார்ப்பார். வேர் தரையோடு தரையாக ஓடி, சிமென்ட் தளத்தைத் தூக்கியிருந்தது.

2016 டிசம்பர் 12 அன்று சென்னையில் இருந்தவர்களுக்கு வர்தா புயலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பகலெல்லாம் அடித்த காற்றுக்கு மரம் தாக்குப்பிடித்தது. பிறகு எல்லாம் சட்டென்று ஓய்ந்தது. பிழைத்தோம் என்று டீ போடப் போனேன். புயலின் கண் கடந்திருக்கிறது என்று அப்போது தெரியாது. திரும்பவும் காற்று வந்தபோது எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. ஊறிய மண்ணைத் தோசை திருப்புவதுபோலப் பெயர்த்துக்கொண்டு மரம் கேட்டின்மேல் சாய்ந்தது. வேரெல்லாம் பக்கவாட்டில்தான், ஆழமாக இறங்கியது ஒன்றுகூட இல்லை. பக்கத்து வீட்டுப் புங்கமரம் மொட்டையாகிப்போனாலும் நின்றது.

உண்மையான சேதம் பொங்கலுக்குப் பிறகுதான் தெரிந்தது. பெரணியின் ஓரங்கள் தீயில் காட்டிய காகிதம்போலப் பழுப்பாயின. அக்லோனிமா இலைகளில் வெளுத்த திட்டுகள். தாகம் என்று நினைத்து இரண்டு வேளையும் தண்ணீர் ஊற்றினேன். ஒரு தொட்டியைக் கவிழ்த்தால் வேர் கூழாக வருகிறது, சாக்கடை நாற்றம். வெயிலில் கருகியதற்குத் தண்ணீர் மருந்தில்லை என்று புரிந்து, ஐம்பது சதவீத நிழல்வலையைக் கட்டியபோது பதினேழு தொட்டிகள்தான் மிஞ்சியிருந்தன.

அந்த ஆடியில் மகிழம் வைத்தேன். இப்போதுதான் முதல் மாடி ஜன்னலை எட்டுகிறது. நிழல்வலையை இன்னும் அவிழ்க்கவில்லை.

*

அக்கா, தண்ணீர் ஊற்றியே செடியைக் கொன்ற பெருமை கோவையில் எனக்கும் உண்டு. அதை விட்டுவிட்டு வேறொன்று சொல்கிறேன். எங்கள் நந்தியாவட்டை இரண்டே இரவில் குச்சி குச்சியாகிவிட்டது. கீழே மிளகு சிந்தியதுபோல எச்சம். தேடினால் விரல் தடிமனில் ஒரு பச்சைப் புழு. தொட்டதும் தலையை உள்ளிழுத்துக்கொண்டு, முதுகில் இரண்டு நீலக் கண்களைக் காட்டியது. அசல் கண் இல்லை, பயமுறுத்தத்தான். பயந்தேன்! வேப்பெண்ணெய்க் கரைசலைக் கலக்கிக்கொண்டு வருவதற்குள், மகன் அதை இலையோடு ஒரு டப்பாவில் எடுத்து வைத்துவிட்டான். சருகுக்குள் புகுந்து கூட்டுப்புழுவானது, சில வாரம் கழித்து ஒரு காலையில் பச்சைப் பளிங்கில் கோலமிட்டதுபோல ஓர் அந்துப்பூச்சியாக டப்பாவில் உட்கார்ந்திருந்தது. நந்தியாவட்டை தானே துளிர்த்துவிட்டது. நாலைந்து புழுவுக்கெல்லாம் நான் இப்போது மருந்து தெளிப்பதில்லை. மாவுப்பூச்சி என்றால் மட்டும் இரக்கம் கிடையாது.

உங்கள் மகிழம் பூத்ததா?

*

ஆறாவது வருடம் பூத்தது, ஏழே ஏழு பூ. நடுவில் துளை இருப்பதால் பேத்தி ஊசியில்லாமலே நூலில் கோத்து மாமனார் படத்துக்குப் போட்டாள். பழுப்பாகி உலர்ந்துவிட்டது, வாசனை இன்னும் இருக்கிறது.