விலை உயர்ந்த இளமைக் கிரீம்களை நம்பி வாங்கலாமா?

பாயான் லெப்பாஸ் வாசகி:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு ஐம்பது வயது நெருங்குகிறது. ஜார்ஜ் டவுனில் உள்ள ஒரு பேரங்காடியின் அழகுப்பொருள் பிரிவில், சீரம், இரவுக் கிரீம், கண்ணைச் சுற்றிப் பூசும் களிம்பு ஆகிய மூன்றும் சேர்ந்த தொகுப்பு ஒன்றை 1,480 வெள்ளிக்குத் தருவதாகச் சொல்கிறார்கள். விற்பனைப் பெண் என் முகத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் பூசிக் கண்ணாடியைக் காட்டியபோது, அந்தப் பக்கத்துக் கண்ணோரச் சுருக்கங்கள் உண்மையிலேயே குறைந்து தெரிந்தன. வெறும் பேச்சாக இருந்திருந்தால் எழுந்து வந்திருப்பேன். கண்ணால் கண்டதுதான் என்னைக் குழப்புகிறது.

பயன்படுத்திய பெண்களில் பெரும்பாலோர் சருமம் இறுகியதை உணர்ந்ததாகவும், சரும மருத்துவர்களின் பரிசோதனைக்கு உட்பட்டது என்றும் பெட்டியில் அச்சிட்டிருக்கிறார்கள். சுகாதார அமைச்சின் எண்ணும் இருக்கிறது. என் மகளோ, இவை எல்லாம் ஏமாற்று வேலை, தேங்காய் எண்ணெயே போதும் என்கிறாள். இவ்வளவு விலைக்கு ஏதாவது அர்த்தம் இருக்கிறதா, அரசாங்க எண் இருப்பதால் பலன் உறுதி என்று எடுத்துக்கொள்ளலாமா என்பதை விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஓய்வு பெற்ற மருந்தாளுநர், கோலாலம்பூர்:

சகோதரி, நீங்கள் கண்ணாடியில் கண்டது பொய்யில்லை. ஆனால் அதைக் கொண்டு அந்தக் கிரீமின் தகுதியை முடிவு செய்ய இயலாது. கிளிசரின், ஹயலுரோனிக் அமிலம் போன்றவை தோலின் மேலடுக்கில் நீரைப் பிடித்து வைப்பதால், வறட்சியினால் தெரியும் மெல்லிய கோடுகள் சிறிது நேரத்திலேயே மங்கிவிடும். டைமெத்திகோன் போன்ற சிலிக்கோன்கள் கோட்டின் பள்ளத்தில் நிரம்பி அதைச் சமமாகக் காட்டும். சில நிமிடங்களில் கண்ணுக்குக் கீழே இறுக்கம் தரும் களிம்புகள் சிலவற்றில், காய்ந்ததும் மெல்லிய படலமாகித் தோலை இழுத்துப் பிடிக்கும் சோடியம் சிலிக்கேட் போன்ற பொருள் சேர்க்கப்படுகிறது. முகம் கழுவியதும் அந்த மாற்றம் போய்விடும். ஈரம் காக்கும் வேலையை, எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும் சாதாரண கிரீமும் ஏறக்குறைய அதே அளவுக்குச் செய்யும்.

மாதக்கணக்கில் பயன்படுத்தினால் தோலையே ஓரளவு மாற்றக்கூடிய பொருள்கள் மிகச் சில. அவற்றில் மிக நன்றாக ஆராயப்பட்டது டிரெட்டினோயின். முகப்பருவுக்குக் கொடுக்கப்பட்டுவந்த இந்த மருந்து, வெயிலால் முதிர்ந்த தோலின் நுண்சுருக்கங்களையும் குறைக்கிறது என்பதைப் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஆல்பர்ட் கிளிக்மன் 1986இல் எழுதினார். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1995இல் இந்தப் பயனுக்காக அதற்கு ஒப்புதல் அளித்தது. நம் நாட்டில் அது மருத்துவரின் சீட்டோடு பெற வேண்டிய மருந்து என்பதால், அழகுப்பொருளில் அதைச் சேர்க்க அனுமதி இல்லை. அழகுப்பொருள் நிறுவனங்கள் அதற்குப் பதிலாக ரெட்டினோலைச் சேர்க்கின்றன. தோலுக்குள் இரண்டு கட்டங்களாக மாறிய பிறகே அது செயல்படுகிறது என்பதால், அதன் வலிமை குறைவு. ஆனால் பலன் இல்லாதது அன்று. மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வில், சராசரி வயது 87 உடைய முதியோரின் ஒரு கையில் 0.4 விழுக்காடு ரெட்டினோல் கலந்த திரவத்தையும், மறு கையில் அது கலக்காத திரவத்தையும் 24 வாரம் பூசிப் பார்த்தார்கள். ரெட்டினோல் பூசிய கையில் நுண்சுருக்கங்கள் தெளிவாகக் குறைந்திருந்தன. எனவே விற்பனைப் பெண்ணிடம் நீங்கள் கேட்க வேண்டியது, இதில் வேலை செய்யும் பொருள் எது, அது எத்தனை விழுக்காடு இருக்கிறது என்பதைத்தான். அதற்குப் பதில் வராமல் சுவிட்சர்லாந்து மலையடிவாரப் பூவைப் பற்றிய கதை வந்தால், பணப்பையை மூடிக்கொள்ளலாம்.

தோலுக்கு உறுதி தரும் புரதமான கொலாஜனைக் கிரீமில் சேர்ப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. தோலை ஊடுருவிச் செல்லும் மூலக்கூறுகள் பொதுவாக 500 டால்டனுக்கும் (மூலக்கூறு எடையின் அலகு) குறைவான எடை உடையவை. கொலாஜனின் எடையோ ஏறத்தாழ 3,00,000 டால்டன். அது தோலின் மேல் தங்கி ஈரத்தைக் காக்கும், அவ்வளவுதான்.

சுருக்கம் வராமல் தடுப்பதில் மிகவும் உறுதியான சான்று உள்ளது சன்ஸ்கிரீனுக்கு. ஆஸ்திரேலியாவின் நம்பூர் நகரில் 55 வயதுக்கு உட்பட்ட 903 பேரைக் கொண்டு நடந்த ஆய்வு 2013இல் வெளியானது. தினமும் சன்ஸ்கிரீன் பூசும்படி சொல்லப்பட்டவர்களின் தோல், விருப்பப்படி பூசியவர்களின் தோலைவிட நான்கரை ஆண்டுகளில் 24 விழுக்காடு குறைவாக முதிர்ந்திருந்தது. நண்பகலில் புற ஊதாக் குறியீடு பத்தைத் தாண்டுவது சாதாரணமாக உள்ள இந்த நாட்டில், பினாங்குப் பாலத்தில் தினமும் காரில் போய் வருபவருக்குப் பக்கவாட்டுக் கண்ணாடி வழியாகவும் யூ.வி.ஏ. என்ற வகைப் புற ஊதாக் கதிர்கள் வந்து சேரும். தேங்காய் எண்ணெய் வறட்சிக்கு நல்லது. வெயிலைத் தடுப்பதற்குப் போதாது என்று மகளிடம் சொல்லுங்கள்.

எண்ணைப் பற்றிக் கேட்டீர்கள். 2008 முதல், அழகுப்பொருளை விற்கும் நிறுவனம் அதைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்திடம் முன்கூட்டியே தெரியப்படுத்த வேண்டும். அதற்கு ஈடாகத்தான் 'என்.ஓ.டி.' என்று தொடங்கி 'கே' என்று முடியும் எண் வழங்கப்படுகிறது. பொருள் பாதுகாப்பானது என்பதற்கு நிறுவனமே பொறுப்பேற்கிறது. சுருக்கம் குறையுமா என்பதை அரசாங்கம் சோதித்துப் பார்த்து அந்த எண்ணைக் கொடுப்பதில்லை.

முன்னாள் விற்பனையாளர், பிரிக்பீல்ட்ஸ்:

ஐயா சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். கோலாலம்பூர்ப் பேரங்காடிகளில் நீண்ட காலம் இதே வேலையைச் செய்தவள் என்ற முறையில், அந்தக் கண்ணாடி வித்தையைப் பற்றிக் கொஞ்சம் விளக்குகிறேன். முகத்தின் ஒரு பக்கத்தைத் துடைத்து, மெதுவாகத் தேய்த்து, சீரத்தையும் அதன் மேல் கிரீமையும் பூசி, பிரகாசமான விளக்கின் கீழ் அமர்த்திக் காட்டுவோம். மறுபக்கத்தில் எதையும் பூச மாட்டோம். அடுத்த முறை போகும்போது, மறுபக்கத்தில் அதே முகப்பில் உள்ள மிக மலிவான ஈரப்பதக் கிரீமைப் பூசச் சொல்லுங்கள். பெரும்பாலும் மறுப்பார்கள், ஒப்புக்கொண்டால் வித்தியாசத்தை நீங்களே பார்க்கலாம்.

பெட்டியில் உள்ள விழுக்காடுகள் பெரும்பாலும் பயன்படுத்தியவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்துப் பெற்றவை. ஒப்பிட்டுப் பார்க்க வேறு கிரீம் கொடுக்கப்படாவிட்டால், "உணர்ந்தேன்" என்ற பதிலுக்குப் பெரிய மதிப்பில்லை. மருத்துவர் பரிசோதனை என்பது பல நேரங்களில் அரிப்பு, தடிப்பு வருகிறதா என்று பார்த்த சோதனையாகவே இருக்கும்.

விலையைப் பற்றிச் சொல்வதானால், எஸ்.கே. டூவும் ஓலேயும் ஒரே பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்துடையவை. லாங்கோமும் கார்னியரும் ஒரே லோரியல் நிறுவனத்துடையவை. உள்ளே இருப்பது ஒன்றே என்று நான் சொல்லவில்லை. ஆனால் விலையில் பெட்டி, விளம்பர நட்சத்திரம், முகப்பு வாடகை, எங்களுடைய தரகு எல்லாம் அடங்கும். அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் 2007இல் சுருக்கக் கிரீம்களைச் சோதித்தபோது, விலைக்கும் பலனுக்கும் தொடர்பு தெரியவில்லை. மிகச் சிறந்தவைகூடச் சுருக்கத்தின் ஆழத்தைச் சராசரியாகப் பத்து விழுக்காட்டுக்கும் குறைவாகவே குறைத்தன. மரபணுக்களைத் தூண்டி இளமை தருவதாக விளம்பரம் செய்ததற்காக லோரியலின் அமெரிக்கக் கிளை மீது அந்நாட்டுக் கூட்டரசு வர்த்தக ஆணையம் குற்றஞ்சாட்டியதும், 2014இல் தகுந்த சான்று இல்லாமல் அப்படிச் சொல்வதில்லை என்று அந்நிறுவனம் உடன்பட்டதும் வெளிப்படையான செய்திகள்.

ஐயாவிடம் ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன். ரெட்டினோல் நல்லது என்று கேட்டவுடன் நம் பெண்கள் தினமும் அள்ளிப் பூசுகிறார்கள். நம்முடைய மாநிறத் தோலில் எரிச்சல் ஏற்பட்டால், அது ஆறிய பின்னும் கரும்புள்ளியாக மாதக்கணக்கில் நின்றுவிடும். மிகக் குறைந்த அளவில், வாரத்துக்கு இரண்டு இரவு என்று தொடங்குவதே பாதுகாப்பு. கர்ப்பிணிகள் இதைத் தொடவே கூடாது.

ஜாலான் ஈப்போ வாசகி:

எல்லோரும் ஒரே பக்கம் நிற்பதால் மறுபக்கத்தை நான் சொல்கிறேன். நான் விலை உயர்ந்த கிரீம் ஒன்றைப் பல ஆண்டுகளாக வாங்குகிறேன். சுருக்கம் குறையும் என்று எதிர்பார்த்து வாங்கவில்லை. அதன் மணமும் தோலில் படும் மென்மையும் எனக்குப் பிடித்திருக்கின்றன. ஜாலான் மஸ்ஜிட் இந்தியாவில் பட்டுப்புடவை எடுப்பவரிடம் ஆய்வறிக்கை எங்கே என்று யாரும் கேட்பதில்லை. வீட்டுச் செலவைத் தொடாமல், எதற்காகக் கொடுக்கிறோம் என்று தெரிந்தே கொடுக்கும் பணத்தை ஏமாற்றம் என்று சொல்ல முடியாது.

சன்ஸ்கிரீன் விஷயத்தில் விலை ஓரளவு பொருட்படுத்த வேண்டியதே. மலிவான சிலவற்றை நம் நிறத்தில் பூசினால் சாம்பல் பூசியதுபோல் தெரியும். அதனால் இரண்டு நாளில் அலமாரிக்குப் போய்விடும். இரும்பு ஆக்சைடு கலந்த, நிறம் சேர்த்த சன்ஸ்கிரீன் அப்படித் தெரியாது; கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் ஓரளவு தடுப்பதால், கன்னத்தில் மங்கு உள்ளவர்களுக்குக் கூடுதல் பலன். நம் இனப் பெண்களுக்குச் சுருக்கத்தைவிட இந்தக் கருமையும் மங்கும்தான் வயதைக் கூட்டிக் காட்டுகின்றன என்பது என் கருத்து.

பாயான் லெப்பாஸ் வாசகி:

மூவருக்கும் நன்றி. தொகுப்பை வாங்கப் போவதில்லை. நிறம் சேர்த்த சன்ஸ்கிரீன் ஒன்றைத் தேடிப் பிடிக்கிறேன். ஆனால் இன்னொரு கவலை இருக்கிறது. என் அண்ணி தோழி ஒருவரிடமிருந்து வாங்கும் இரவுக் கிரீமை எனக்கும் கொடுத்திருக்கிறார். சிறிய வெள்ளை டப்பா. பெயரைத் தவிர அதில் ஒன்றும் அச்சிடப்படவில்லை. ஒரே வாரத்தில் முகம் வெளுத்து மினுமினுப்பானதாக அண்ணி மகிழ்ச்சியோடு சொல்கிறார். விலையும் குறைவு. இதைப் பயன்படுத்தலாமா, ஐயா?

ஓய்வு பெற்ற மருந்தாளுநர், கோலாலம்பூர்:

வேண்டாம், சகோதரி. 1,480 வெள்ளித் தொகுப்பினால் உங்களுக்கு வரக்கூடியது பண இழப்பு மட்டுமே. இந்த டப்பாவோ உடலையே கெடுக்கக்கூடும். அவ்வளவு வேகத்தில் வெளுக்க வைக்கும் கிரீம்களில் பாதரசம், ஹைட்ரோகுவினோன், டிரெட்டினோயின் அல்லது ஸ்டீராய்டு இருக்கலாம் என்று சந்தேகிப்பதே முறை. இவை கலந்திருந்ததாகக் கண்டறியப்பட்ட பொருள்களின் அனுமதியைச் சுகாதார அமைச்சு பலமுறை ரத்து செய்து, பெயர்களை வெளியிட்டிருக்கிறது. எண் அச்சிடப்பட்டிருந்தாலும், அது இன்னும் செல்லுபடியாகிறதா என்பதைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையத் தளத்தில் தேடிப் பார்க்க வேண்டும். எண்ணே இல்லாத பொருளைச் சந்தையில் விற்பதே சட்டத்துக்குப் புறம்பானது.

பாதரசம் சிறுநீரகத்தையும் நரம்பு மண்டலத்தையும் பாதிக்கும். பூசியவரின் கை, துண்டு, தலையணை உறை வழியாக வீட்டுக் குழந்தைகளுக்கும் சென்று சேரும். அண்ணியும் நிறுத்துவது நல்லது. ஆனால் ஸ்டீராய்டு கலந்திருந்தால், திடீரென்று நிறுத்தியதும் முகம் சிவந்து கட்டிகள் கிளம்பலாம். அதைக் கண்டு பயந்து மறுபடியும் அதே கிரீமைப் பூசத் தொடங்குபவர்கள் அதிகம். எனவே டப்பாவை வீசிவிடாமல், ஒரு பையில் இறுகக் கட்டி, அண்ணியோடு அரசாங்க கிளினிக்குக்கு எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுங்கள். எவ்வளவு காலம் பூசினார் என்பதையும், வீட்டில் சிறு குழந்தைகள் இருக்கிறார்களா என்பதையும் சொன்னால், சிறுநீரில் பாதரசத்தின் அளவைச் சோதிக்க வேண்டுமா என்பதை அவர் முடிவு செய்வார்.